முள் எங்கே நின்றால் என்ன? பழைய வண்டியின் உண்மை மைலேஜ் கணக்கு

பதினைந்து இருபது வருடம் ஓடிய வண்டியில் பெட்ரோல் முள்ளுக்கு ஒரு தனிக் குணம் வந்துவிடும். மேடு ஏறும்போது அரை டேங்க் காட்டும். அதே மேட்டில் இறங்கும்போது காலி என்று படுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் மீட்டர் சரியா தப்பா என்று யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை. ‘இதில் எங்கே மைலேஜ் பார்ப்பது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மைலேஜுக்கு வேண்டியவை இரண்டே எண்கள்: எத்தனை லிட்டர் செலவானது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது. லிட்டரை பங்க் மிஷின் சொல்லும். கிலோமீட்டரைச் சாலை சொல்லும். டாஷ்போர்டின் தயவு தேவையில்லை.

1. பெட்ரோல் முள்ளை வைத்துக் கணக்குப் போடவே போடாதீர்கள். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது அதன் கம்பி நுனி ஒரு மின்தடைச் சுருளின் மேல் உரசி நகர்கிறது. வருடக்கணக்கில் உரசினால் சுருள் தேயும், கறை படியும். மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால் டேங்க் நிறைய இருந்தாலும் முள் எழாது. புது வண்டியிலும் ‘அரை’ என்பது சரிபாதி இல்லை, ஏனென்றால் டேங்க் ஒரே அகலமாக இருப்பதில்லை. ‘அரை டேங்கில் இவ்வளவு ஓடியது’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதி வைக்காதீர்கள்.

2. எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘ஃபுல் டு ஃபுல்’ முறை. டேங்கை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதுதான் இடையில் எரிந்த பெட்ரோல். ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தால் மைலேஜ். முதல் முறை போட்ட லிட்டர் கணக்கிலேயே வராது. பலர் அதையும் சேர்த்துவிட்டு, வண்டி பாதி மைலேஜ்தான் தருகிறது என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள்.

3. இந்த முறையின் உயிர் ‘அதே அளவு’ என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டு முறையும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே மிஷின், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பங்க் தளம் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். காரின் டேங்க் வாய் சரிவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு லிட்டர்கூட வித்தியாசம் வரலாம். பைக் என்றால் இரண்டு முறையும் சென்டர் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் டேங்க் நிறைந்ததுபோல் தெரியும், நிறைந்திருக்காது.

4. எங்கே நிறுத்துவது? காருக்கு, நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும் முதல் இடம். ‘அண்ணே, முதல் கட்டோட நிறுத்திடுங்க, ரவுண்டு பண்ண வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பைக்குக்கு, டேங்க் வாயின் கழுத்துக்குக் கீழே ஓர் உலோக விளிம்பு தெரியும், அதைத் தொட்டதும் போதும். மூடி வரை தளும்ப நிரப்பினால் கணக்கு துல்லியமாகும் என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோலை நிறைத்துவிட்டு மே மாத வெயிலில் பைக்கை நிறுத்தினால் 20 டிகிரி கூடுவது எளிது. பத்து லிட்டருக்கு 200 மில்லி. அது மூடி வழியே வெளியேதான் போகும். கணக்கும் போயிற்று, ஆபத்தும் சேர்ந்தது. டீசல் வண்டிக்காரர்கள் நுரை அடங்கும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும்.

5. குறைந்த பெட்ரோலில் சோதிக்காதீர்கள். எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் பைக்கில் 200 மில்லி முன்னே பின்னே இருக்கும். இரண்டு லிட்டர் மட்டும் எரித்துவிட்டு நிரப்பினால் அந்த 200 மில்லி பத்து சதவீதப் பிழை. அதாவது 50 கிலோமீட்டர் தரும் வண்டி 45 என்றும் காட்டும், 55 என்றும் காட்டும். எட்டு லிட்டர் எரித்த பிறகு நிரப்பினால் அதே 200 மில்லி வெறும் இரண்டரை சதவீதம்.

6. ‘ஐந்நூறுக்குப் போடுங்க’ என்ற பழக்கத்தை இந்தச் சோதனைக்கு மட்டும் விட்டுவிட்டு பில் வாங்குங்கள். அதில் லிட்டர் இரண்டு தசம இலக்கம் வரை இருக்கும். ரூபாயிலிருந்து லிட்டருக்கு மாற்றினால் விலை ஏறி இறங்குவதில் குழப்பம் வரும். பங்க் அளவின் மீது சந்தேகமா? ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருப்பது அனுமதிக்கப்பட்ட அளவு. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். ஆனால் அந்த 25 மில்லி அரை சதவீதம்தான். மைலேஜ் பத்து கிலோமீட்டர் குறைந்ததற்கு பங்க்காரரைத் திட்டுவதற்கு முன் கீழே உள்ள குறிப்புகளையும் படித்துவிடுங்கள்.

7. பழைய மீட்டர்களில் கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருந்தால் அது நூறு மீட்டர், கிலோமீட்டர் இல்லை. ஐந்து இலக்க மீட்டர் 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். இலங்கையில் இன்றும் பாசத்தோடு ஓட்டப்படும் மோரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கில வண்டிகளில் மீட்டர் மைலில் இருக்கும், 1.609-ஆல் பெருக்க வேண்டும்.

8. வேக முள் ஆடுகிறது என்பதற்காக கிலோமீட்டர் எண்ணையும் தள்ளிவிடாதீர்கள். இரண்டும் ஒரே கேபிளில் சுழன்றாலும் வேலை வேறு. வேக முள்ளை இழுப்பது ஒரு சுழலும் காந்தம். காந்தமோ ஸ்பிரிங்கோ தளர்ந்தால் முள் தப்பாகும். கிலோமீட்டர் எண்ணைத் திருப்புவது பற்சக்கரங்கள். அவை வீல் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகின்றன. அதனால் கிலோமீட்டர் பிழை பெரும்பாலும் ஒரே விகிதத்தில் இருக்கும்: நூறுக்கு ஐந்து கூட்டிக் காட்டினால் ஆயிரத்துக்கு ஐம்பது கூட்டிக் காட்டும். ஒரு தரம் அந்த விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தப்பான மீட்டரும் நல்ல மீட்டர்தான்.

9. அந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைவிட மலிவான கருவி கிடையாது. மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. கல்லில் ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கும் தூரம் இங்கே வேண்டாம். கற்களுக்கு இடையேயான இடைவெளிதான் வேண்டும். காலை நேரத்தில் போக்குவரத்து குறைந்த நேர்ச் சாலையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு கல்லுக்கு நேராக ஓரங்கட்டி நின்று மீட்டரைக் குறியுங்கள். சரியாக இருபது கல் தாண்டி மறுபடி நின்று குறியுங்கள். ஓட்டுகிறவர் கல்லை எண்ணக்கூடாது, பின்னால் உட்கார்ந்திருப்பவர் எண்ணட்டும். புறவழிச்சாலை புதிதாகப் பிரியும் பகுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே பழைய வரிசை எண்ணும் புது வரிசை எண்ணும் ஒட்டாமல் போவதுண்டு. ஐந்து கிலோமீட்டரில் சோதித்தால் போதாதா என்றால், போதாது. நூறு மீட்டர் முன்னே பின்னே நின்றாலே இரண்டு சதவீதம் போய்விடும். இருபதில் அது அரை சதவீதம்.

10. கல் இல்லாத இடத்தில் செல்போன். கூகுள் மேப்பில் இரண்டு தெளிவான இடங்களுக்கு இடையே, ஒரு பாலத்திலிருந்து இன்னொரு பாலம் வரை என்று, சாலை வழித் தூரத்தைப் பாருங்கள். ஓட்டும்போதே ஜி.பி.எஸ். கொண்டு தூரம் அளக்கும் செயலிகளும் உண்டு. அவற்றில் ஒரு குறை: வண்டி சிக்னலில் நிற்கும்போதும் ஜி.பி.எஸ். புள்ளி அங்கும் இங்கும் அலையும், அந்த அலைச்சலையும் சில செயலிகள் தூரமாகக் கூட்டிவிடும். நிற்காமல் ஓடும் சாலையில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

11. இனி கணக்கு. உண்மைத் தூரத்தை மீட்டர் காட்டிய தூரத்தால் வகுத்தால் வருவது திருத்த எண். இருபது கல் தாண்டியபோது மீட்டர் 21.2 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 21.2-ஆல் வகுத்தால் 0.943. அடுத்த ஃபுல் டேங்க் சோதனையில் மீட்டர்படி 402 கிலோமீட்டர், பில்படி 7.9 லிட்டர். நேராக வகுத்தால் 50.9 வரும். அதை வைத்து அக்கம்பக்கத்தில் பெருமை பேசலாம். 402-ஐ 0.943-ஆல் பெருக்கினால் 379, அதை 7.9-ஆல் வகுத்தால் 48. இதுதான் உண்மை. திருத்த எண்ணைச் சோதிக்க வேறொரு சாலையில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் அந்த எண்ணை ஆர்.சி. உறைக்குள் எழுதி வைத்துவிடலாம். இரண்டும் வெவ்வேறாக வந்தால் மீட்டருக்குள் பல் உடைந்து தாவுகிறது. அந்த மீட்டரைத் திருத்த எண் காப்பாற்றாது, 13-ஆம் குறிப்புக்குப் போங்கள்.

12. டயர் மாற்றினால் திருத்த எண்ணும் மாறும். மாருதி 800-க்குக் கம்பெனி போட்ட 145/70 ஆர் 12 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 159.5 சென்டிமீட்டர். பழைய டயர் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று ஆல்ட்டோவின் 145/80 ஆர் 12 டயரை மாட்டினால் சுற்றளவு 168.6. வீல் ஒரு சுற்றுக்கு ஒன்பது சென்டிமீட்டர் அதிகமாகப் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. நூறு என்று காட்டும்போது வண்டி 105.7 கிலோமீட்டர் ஓடியிருக்கும். டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குதான். டயர் தேய்ந்தால் நேர் எதிர்: புது டயரின் 7, 8 மில்லிமீட்டர் பட்டன் தேய்ந்து 1.6 ஆகும்போது இந்த அளவுச் சின்ன வீலில் மீட்டர் இரண்டு சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். பெரும்பாலான பழைய பைக்குகளில் கேபிள் முன் வீலிலிருந்து வருகிறது, அதனால் பின் டயர் எதுவானாலும் கவலையில்லை. 18 அங்குல முன் வீலில் 2.75 இருந்த இடத்தில் 3.00 போட்டால் சுமார் இரண்டு சதவீத மாற்றம்.

13. மீட்டரே ஓடவில்லையா? முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் உள்கம்பி அறுந்திருக்கும், மாற்றுவது சின்ன வேலை. மீட்டர் உள்ளேயே போயிருந்தால் சைக்கிளுக்கு விற்கும் டிஜிட்டல் கிலோமீட்டர் கருவி கைகொடுக்கும். ஆரக்காலில் ஒரு சின்னக் காந்தம், ஃபோர்க்கில் ஓர் உணரி, சுற்றளவை மில்லிமீட்டரில் நீங்களே பதிய வேண்டும். சுற்றளவை அளக்க டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியில் ஆள் உட்கார்ந்த நிலையில் ஐந்து சுற்று உருட்டி டேப் பிடித்து ஐந்தால் வகுங்கள். எதுவும் வேண்டாம் என்பவர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை செல்போனில் ஒரு முறை அளந்துவிட்டு, அந்த டேங்க் தீரும்வரை வேறெங்கும் போகாமல் போய்வந்த நடையைக் காலண்டரில் கோடு போடலாம். கட்டுப்பாடுள்ள ஆளுக்கு மட்டும்.

14. பெட்ரோல் முள்ளே இல்லாத பழைய பைக், ஸ்கூட்டருக்கு ‘ரிசர்வ் டு ரிசர்வ்’ முறைதான் ராஜா. பெட்ரோல் குழாயில் ஆன், ரிசர்வ் என்று இரண்டு நிலை இருக்கும். ‘ஆன்’ நிலையில் ஓட்டிக்கொண்டே போங்கள். எஞ்சின் இழுக்கத் தொடங்கியதும் ரிசர்வுக்குத் திருப்பி, அந்த இடத்தில் கிலோமீட்டரைக் குறியுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுவது: பங்க் போய்ச் சேர்ந்த பிறகு குறிக்கிறார்கள். பங்குக்குப் போகும் வழியில் ரிசர்விலிருந்து எரிந்ததும் கணக்கில் சேர வேண்டும். பங்கில் சரியாக இரண்டு லிட்டர் போட்டு, குழாயை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மறந்து ரிசர்விலேயே விட்டால் சோதனையும் போச்சு, வண்டியையும் தள்ள வேண்டும். மறுபடி இழுக்கும் இடத்தில் இரண்டாவது முறை குறியுங்கள். இரண்டு குறிப்பிலும் டேங்கில் இருந்த பெட்ரோல் மட்டம் ஒன்றே, இடையில் போட்டது இரண்டு லிட்டர், ஆகவே எரிந்ததும் இரண்டு லிட்டர். முதல் குறிப்பு 24,310.4, இரண்டாவது 24,412.8 என்றால் 102.4 கிலோமீட்டர். லிட்டருக்கு 51.2. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த பங்கிலிருந்து எண்ணியிருந்தால் 49.7 என்று தப்பாக வந்திருக்கும். திருத்த எண் இருந்தால் இங்கேயும் பெருக்க மறவாதீர்கள். மலைச்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். டேங்க் சாய்ந்தால் ரிசர்வ் முன்னதாகவோ பின்னதாகவோ வரும். பெட்ரோல் தீர்ந்த பஜாஜ் சேத்தக்கைச் சாய்த்துப் பிடித்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

15. சில மெக்கானிக்குகள் நூறு மில்லி பாட்டிலைத் தொங்கவிட்டு கார்புரேட்டருக்குக் குழாய் கொடுத்து, நிற்கும்வரை ஓட்டிக் காட்டுவார்கள். கார்புரேட்டர் திருகைச் சரிசெய்யும்போது முன்பும் பின்பும் ஒப்பிட அது உதவும். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கி மைலேஜ் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. காலிச் சாலையில் நாற்பதில் ஓட்டிய சோதனைக்கும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்கும் சம்பந்தமில்லை. சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் பாட்டில் என்பதால் வீட்டில் நீங்களே செய்யவும் வேண்டாம்.

16. ஒரே டேங்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று டேங்காவது பாருங்கள். சராசரி எடுக்கும்போது மைலேஜ்களைக் கூட்டி வகுக்காமல், மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். 300 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால் 50. அடுத்து 120 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்றால் 40. சராசரி 45 என்று வாய் சொல்லும். 420-ஐ 9-ஆல் வகுத்தால் 46.7. கொடைக்கானல் போய்வந்த டேங்கைத் தனியாக எழுதுங்கள்.

17. வந்த எண்ணைக் கம்பெனி விளம்பரத்தோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி, வகுத்து வைத்த வேகத் திட்டத்தில் எடுத்தது. பழைய வண்டிக்கு இன்னொரு கழிவும் உண்டு: இன்றைய பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதக் கலப்புக்கு அமைத்த கார்களில் இருபது சதவீதக் கலப்பால் 6 முதல் 7 சதவீதமும், அத்தகைய பைக்குகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய உங்கள் டைரியோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

18. இந்த எண் எதற்கு உண்மையில் பயன்படும் என்றால், நோய் கண்டுபிடிக்க. ஒரே முறையில் மாதாமாதம் எழுதிவந்தால் 48, 47, 48 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 41 ஆவது கண்ணில் படும். அப்போது வரிசையாகப் பாருங்கள்: டயர் காற்று; சென்டர் ஸ்டாண்டில் போட்டுக் கையால் சுற்றினால் வீல் தாராளமாகச் சுற்றுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா; சோக் பாதி இழுத்தபடி நிற்கிறதா; ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா; கிளட்ச் வழுக்குகிறதா. இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தால் கார்புரேட்டர் வழிகிறதா என்பது காலையில் தெரியும், பெட்ரோல் காய்ந்த இடத்தில் கறை இருக்கும். பழைய ரப்பர் குழாய்கள் விறைத்து வெடித்திருக்கலாம், விரலால் மடக்கிப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மைலேஜ் கணக்கை மூடிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

19. கடைசியில் அந்தப் பொய் முள்ளுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். முள் காலிக் கோட்டைத் தொட்ட அன்று நேரே பங்குக்குப் போய் முதல் கட் வரை நிரப்புங்கள். கையேட்டில் டேங்க் 35 லிட்டர் என்று இருந்து, பில்லில் 29 லிட்டர் வந்தால், முள் காலி என்னும்போது டேங்கில் ஆறு லிட்டர் மிச்சம் இருக்கிறது. முள் கால் பங்கிலும் அரையிலும் நிற்கும்போதும் இதேபோல் ஒரு முறை நிரப்பிப் பார்த்து, எண்களைச் சின்னக் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். சமதளத்தில் நின்று பார்த்த எண்களாக இருக்கட்டும். ஆறு லிட்டர் மிச்சம் என்று தெரிந்துவிட்டதே என்று அதையும் தீர்த்துப் பார்க்க வேண்டாம்: ஊசி முறை எஞ்சின் உள்ள கார்களில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் சூடு தணிகிறது, பழைய டேங்கில் அடியில் கிடக்கும் துருவும் அந்தக் கடைசி லிட்டரோடுதான் வரும்.